பிள்ள சொன்ன வார்த்தைய மாத்தாதீங்க: எஸ்டேட் பக்கம் மனநல மதிப்பீட்டு வேலைக்கு வர்றவங்களுக்கு

மலேசியாவுல, பேராக் மாநிலத்துல, சுங்கை சிப்புட் பக்கம் இந்த வேலைக்குப் புதுசா வந்த தங்கச்சிங்க ரெண்டு பேரு எப்படி ஆரம்பிக்கிறதுன்னு கேட்டாங்க, வாயால சொல்லி முடியல, அதான் எழுதிட்டேன். நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், கெபாஜிக்கான்ல இருந்து, அதாவது சமூகநல இலாகாவுல இருந்து அனுப்புற பிள்ளைங்கள பாத்து ரிப்போர்ட் எழுதுறேன்.

படிப்பு விஷயத்த சுருக்கமா சொல்லிடுறேன். கிளினிக்கல் சைக்காலஜிக்கு மாஸ்டர்ஸ் வேணும், 2016-ல வந்த துணை சுகாதாரத் தொழில் சட்டம், சட்டம் 774-க்குக் கீழ பதிவும் வேணும். கவுன்சலர்னா 1998 சட்டம் 580, அது வேற பதிவு, வேற வேலை. நீங்க ரெண்டுல எதுன்னு ரிப்போர்ட் மொத பக்கத்துலயே எழுதிடுங்க.

இலாகாவுல இருந்து லெட்டர் வரும், அதுல "மனநல மதிப்பீடு செய்து அறிக்கை தரவும்"னு ஒரே வரிதான் இருக்கும். அத மட்டும் வச்சுக்கிட்டு பிள்ளைய கூப்பிடாதீங்க. மொதல்ல அந்த ஆபீசருக்கு போன் போட்டு உங்களுக்கு என்ன தெரியணும்னு கேளுங்க, பிள்ள வீட்டுக்குத் திரும்பலாமான்னா, சிகிச்சை வேணுமான்னா, இல்ல அம்மாவால பாத்துக்க முடியுமான்னா. மூணும் வேற வேற கேள்வி. கேள்வி தெரியாம எழுதின ரிப்போர்ட்டால யாருக்கும் பிரயோஜனம் இல்ல, ஆனா அத வச்சு கோர்ட் பிள்ளைய 3 வருஷம் வரைக்கும், இல்ல 18 வயசு வரைக்கும், இதுல எது மொதல்ல வருதோ அதுவரைக்கும் பாதுகாப்பு இல்லத்துல வைக்கலாம், அதனாலதான் இத்தன அழுத்திச் சொல்றேன்.

2001 சிறார் சட்டம், சட்டம் 611, அதுல 17-வது பிரிவ பொறுமையா படிங்க. மனசுக் காயம்னு எத சொல்லுறாங்கன்னு அதுல இருக்கு, பிள்ளையோட மனநிலையோ உணர்வோ கண்ணுக்குத் தெரியிற அளவுக்கு கணிசமா பாதிச்சிருக்கணும், பதட்டம், மனச்சோர்வு, ஒதுங்கிப் போறது, முரட்டுத்தனம், வளர்ச்சித் தாமதம் இந்த மாதிரி அடையாளம் இருக்கணும். கண்ணுக்குத் தெரியிறதுங்கிறதுதான் நம்ம வேலை. "பையன் சோகமா இருக்கான்"னு எழுதினா பத்தாது. "மூணு வாரமா ரெஸ்ட் நேரத்துல கேண்டீனுக்குப் போகாம கிளாஸ்லயே உக்காந்திருக்கான், ராத்திரி லைட்ட அணைச்சா எந்திரிச்சு உக்காந்துக்குறான்", இப்படி எழுதணும், டீச்சர் பாத்ததா பாட்டி பாத்ததா, எப்ப பாத்ததுன்னும் எழுதணும்.

மொத சந்திப்பு எங்கங்கிறது சின்ன ஊர்ல பெரிய விஷயம். ஸ்கூல் மைக்குல பேர் சொல்லிக் கூப்பிட வச்சீங்கன்னா சாயங்காலத்துக்குள்ள லயம் பூரா, அதாவது தொழிலாளிங்க வீட்டு வரிசை பூரா, தெரிஞ்சிடும். டீச்சர் ஒருத்தர கூட்டிட்டு வரச் சொல்லுங்க, லைப்ரரி ரூம் மாதிரி இடமா கேளுங்க, இலாகா பேரு போட்ட கார்ல போய் வாசல்ல நிக்காதீங்க. உக்காந்த உடனே ஃபைல தொறக்காதீங்க, சாப்ட்டியான்னு கேளுங்க. காலைல ஒண்ணும் சாப்பிடாம வர்ற பிள்ளைங்க நெறைய, பசியோட இருக்குற பிள்ளைக்கு கவனம் நிக்காது, நீங்க அத வேற எதுவோன்னு எழுதிடுவீங்க.

அப்புறம் நீங்க யாருன்னு உண்மையச் சொல்லணும். நான் சொல்றது இதுதான், "அக்கா டாக்டர் இல்ல, ஊசி போடமாட்டேன். நீ சொல்றத நான் எழுதி கோர்ட்ல ஒரு ஜட்ஜுக்கு குடுப்பேன். சொல்லப் பிடிக்கலன்னா சொல்ல வேணாம், தெரியலன்னா தெரியலன்னு சொல்லு." யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு மட்டும் சத்தியம் பண்ணாதீங்க. பண்ணிட்டு எழுதினா அந்தப் பிள்ள இனி எந்த பெரியவங்களையும் நம்பாது.

இப்ப நான் உண்மையிலேயே சொல்ல வந்தது. பிள்ள பேசுறது தமிழ்ல, ரிப்போர்ட் போறது மலாயில, இல்ல இங்கிலீஷ்ல. நடுவுல நாமதான் இருக்கோம். நான் வேலைக்கு வந்த புதுசுல ஒரு பொண்ணு, அடையாளம் தெரியாம விவரத்த மாத்தித்தான் சொல்றேன், "மாமா ராத்திரி வந்து கத்துவாரு, அம்மாவ போடுவாரு"ன்னுச்சு. போடுவாருன்னா அடிப்பாருன்னு நமக்குத் தெரியும், அத சரியாத்தான் எழுதினேன். மாமாவுக்கு மட்டும் மலாயில பாக்சிக்னு, அதாவது மாமான்னே எழுதிட்டுப் போயிட்டேன். ஃபைல்ல இருந்த ஒரே மாமா அந்த அம்மாவோட கூடப்பொறந்த அண்ணன், பிள்ளைய நான் வச்சுக்குறேன்னு முன்னுக்கு வந்த ஒரே மனுஷன். ரிப்போர்ட்ட படிச்சவங்க அவர்தான் இவருன்னு நெனச்சு அவருகிட்ட விடுறத நிறுத்திட்டாங்க. கத்தினது அம்மாவோட புதுசா இருந்த ஆளு, மாமான்னு கூப்பிடச் சொல்லிப் பழக்கியிருக்காங்க. அது தெரிய வர்றதுக்குள்ள ஆறு வாரம் அந்தப் பொண்ணு ஹோம்ல இருந்துச்சு. அந்த ஆறு வாரத்துக்கு நான் எழுதின ஒரு வார்த்ததான் காரணம், இன்னைக்கும் அது மனசுல கெடக்கு.

அதனால மாமா, சித்தி, பெரியப்பா, தாத்தா எது வந்தாலும் நிறுத்திக் கேளுங்க. சித்தின்னா அம்மாவோட தங்கச்சியும் சித்திதான், சித்தப்பா சம்சாரமும் சித்திதான், அப்பா ரெண்டாவதா கட்டிக்கிட்டவங்களும் சித்திதான். "அவரு அம்மாவுக்கு என்ன வேணும்?", "எங்க இருக்காரு?"ன்னு கேளுங்க. இன்னும் நல்ல வழி, ஒரு தாள குடுத்து வீட்ட வரையச் சொல்லி "ராத்திரி பாயெல்லாம் எங்கெங்க போடுவீங்க, யாரு எதுல படுப்பாங்க"ன்னு கேளுங்க. யாரு வீட்டுல இருக்காங்க, யாரு எப்பவாவது வர்றாங்க, பிள்ள யார்கிட்ட ஒட்டிப் படுக்குதுன்னு எல்லாம் அந்தத் தாள்லயே வந்துடும். ரிப்போர்ட்ல பிள்ள சொன்ன தமிழ் வார்த்தைய அப்படியே எழுதி, அதுக்குக் கீழ மலாயில விளக்குங்க.

மருந்துங்கிற வார்த்தையும் இப்படித்தான். எஸ்டேட்ல மருந்துன்னா காய்ச்சலுக்குக் குடிக்கிறதும் மருந்து, புல்லுக்கு அடிக்கிறதும் மருந்து. "அக்கா மருந்து குடிச்சிருச்சு"ன்னு ஒரு பிள்ள சொன்னா எந்த மருந்துன்னு கேக்காம அடுத்த கேள்விக்குப் போகவே கூடாது. பாராகுவாட்ங்கிற களைக்கொல்லிய 2020 ஜனவரி 1-ல இருந்து இங்க தடை பண்ணிட்டாங்க, ஆனா மத்த களைக்கொல்லி இருக்கு, பழசு ஏதும் கொட்டாய்ல கெடக்கலாம், வீட்டுல எங்க வைக்கிறீங்க, பூட்டு இருக்கான்னு பெரியவங்ககிட்ட நேராவே கேளுங்க. பிள்ளைகிட்டயும் சுத்தி வளைக்காம "செத்துப் போயிடலாமான்னு எப்பவாவது தோணுச்சா"ன்னு கேளுங்க, கேட்டா அந்த எண்ணம் புதுசா வந்துடாது. ஆமான்னு சொன்னா மதிப்பீடு அதோட நிக்கட்டும், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு பண்ணிட்டு கூடவே இருங்க. தற்கொலைக்கு முயற்சி பண்றது குற்றம்ங்கிற சட்டத்த 2023-ல எடுத்துட்டாங்க, போலீஸ் புடிச்சிக்கும்னு பயப்படுற அம்மாவுக்கு இத எடுத்துச் சொல்லுங்க.

தப்பா தொட்டாங்கன்னு பிள்ள சொல்ல ஆரம்பிச்சா நீங்க விசாரணை நடத்தாதீங்க. "அப்புறம் என்னாச்சு, சொல்லு" இது போதும், "அவரு இங்க தொட்டாரா"ன்னு நீங்களா எதையும் வாயில எடுத்துக் குடுக்காதீங்க. பிள்ளைய வீடியோவுல பேட்டி எடுக்குறது போலீஸோட வேலை, 2007 சிறார் சாட்சிச் சட்டத்துப்படி அந்த வீடியோவ கோர்ட்ல சாட்சியா வைக்கலாம். நாம அதுக்கு முன்னாடி தோண்டித் தோண்டிக் கேட்டா கேஸும் கெடும், பிள்ளையும் அத திரும்பத் திரும்ப அனுபவிக்கும். கேட்டத கேட்ட வார்த்தையிலயே எழுதிட்டு உடனே ரிப்போர்ட் பண்ணுங்க, சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம், சட்டம் 792-ல தெரிஞ்சும் சொல்லாதவங்களுக்கு 5,000 ரிங்கிட் வரைக்கும் அபராதம் இருக்கு.

கேள்வித்தாள் பத்தி ரொம்ப சொல்ல மாட்டேன். எஸ்டிகியூன்னு (SDQ) பிள்ளைங்களோட நடத்தை, உணர்வு பத்திக் கேக்குற ஒரு கேள்வித்தாள், 25 கேள்வி, தமிழ்லயும் இருக்கு, ஆனா எழுத்துத் தமிழ், பாட்டிக்கு நீங்க படிச்சுக் காட்டினாதான் புரியும். 11 வயசு ஆயிடுச்சுன்னா பிள்ளையே நிரப்பலாம். இதுல எங்க தோண்டணும்னு தெரியுமே தவிர நோய் இன்னதுன்னு சொல்லாது. புத்திக்கூர்மை டெஸ்ட்டுல இன்னும் கவனம் வேணும், தமிழ்ப்பள்ளி ரெண்டாம் வகுப்புப் பிள்ளைய மலாயில டெஸ்ட் பண்ணி மார்க்கு கொறைவுன்னு எழுதினா நீங்க அளந்தது அதோட மலாய். அதே மாதிரி கதவு சத்தம் கேட்டா திரும்பிப் பாத்துக்கிட்டே இருக்குற பிள்ளைக்கு அவசரப்பட்டு கவனக்குறைவுன்னு பேர் வைக்காதீங்க, அது யாரு வர்றாங்கன்னு பாக்குது.

வீட்டுக்குப் போங்க, போகாம எழுதவே எழுதாதீங்க. அம்மா விடியக்காலைல பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன்னாடி பேர் கூப்பிடுற எடத்துக்குப் போயிடுவாங்க, பிள்ளைங்கள பாத்துக்குற ஆயாக்கொட்டாய் இருந்த காலத்துல தூங்குற பிள்ளைய தூக்கிட்டுப் போய் விட்டுட்டுப் போவாங்க, இப்ப பல எடத்துல அதுவும் இல்ல, ஒம்பது வயசு அக்காதான் தம்பிக்கு மைலோ கலக்கிக் குடுத்துட்டு ஸ்கூலுக்கு ஓடுது. இத கவனிப்பில்லாத அம்மான்னு ஒரு வரியில எழுதிட முடியாது. அம்மா திரும்பி வந்ததும் பிள்ள முகம் எப்படி மாறுதுன்னு பாருங்க, ஓடி வருதா, சுருங்குதா. பிள்ளைக்கு சூராட் பெராணாக், அதாவது பிறப்புச் சான்றிதழ் இருக்கான்னும் கேளுங்க, இல்லாததால ஸ்கூலுக்கே போகாத பிள்ளைய படிப்புல பின்தங்கினதுன்னு எழுதிடக் கூடாது.

நம்ம பக்கம் மனசு சரியில்லன்னாலே மனநல ஆஸ்பத்திரி இருக்குற ஊரு பேர வச்சு தஞ்சோங் ரம்புத்தான்னு சொல்லிப் பழகிட்டாங்க, அதனால அம்மாங்க உங்கள பாத்தாலே "என் பிள்ள பைத்தியம் இல்லம்மா"ன்னு ஆரம்பிப்பாங்க. கோவில்ல மந்திரிச்சுக் கயிறு கட்டினோம்னு சொன்னா திட்டாதீங்க, எப்ப கட்டினீங்க, அதுக்கு முன்னாடி என்ன பாத்தீங்கன்னு கேளுங்க. பிள்ள எப்ப மாறுச்சுங்கிற தேதி பெரும்பாலும் அந்தக் கயித்துலதான் எனக்குக் கெடைக்குது.

எழுதி முடிச்சதும் அனுப்புறதுக்கு முன்னாடி பிள்ளைய இன்னொரு வாட்டி பாத்து, அது சொன்னதா நீங்க எழுதியிருக்குறத மட்டும் தமிழ்ல படிச்சுக் காட்டுங்க. போன மாசம் ஒரு பையனுக்குப் படிச்சுக் காட்டினேன், "தாத்தா வீட்டுக்குப் போகப் பிடிக்கும்"னு எழுதியிருந்தேன். ரொம்ப நேரம் தாளையே பாத்துட்டு, "அந்தத் தாத்தா இல்லக்கா, கடைத் தாத்தா"ன்னான். அடிச்சுட்டு அவன் முன்னாடியே மாத்தி எழுதினேன், எழுத்துக்கூட்டிப் படிச்சுப் பாத்துட்டு சரின்னு தலையாட்டிட்டு விளையாடப் போயிட்டான்.