கதைக்கத் திணறும் பிள்ளைக்கு வீட்டுப் பயிற்சி

இன்றைக்கு "பாண்" என்று சொன்ன பிள்ளை நாளைக்கு அதையே "மா" என்று சொன்னால் சோம்பல் என்று திட்டாதீர்கள். அது அப்ராக்சியா என்ற பேச்சுச் சிக்கலாக இருக்கலாம். அதில் தசைக்குப் பலம் இருக்கும், வாயை எப்படி அசைப்பது என்று மூளை திட்டமிடுவதில்தான் சிக்கல். ஊதல், பலூன் வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். ஊதிப் பழகினால் ஊதத்தான் வரும், சொல் வராது. முதலில் காது கேட்கும் பரிசோதனை, அப்புறம் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற இடத்தில் பேச்சு சிகிச்சையாளர்.

அவர் தெரிவு செய்து தரும் நாலைந்து சொற்கள் போதும். முகத்துக்கு நேரே உட்கார்ந்து, "அம்மாட வாயைப் பாருங்கோ" என்று சொல்லி, "வா"வை மெதுவாக இழுத்துச் சேர்ந்தே சொல்லுங்கள். சரியாக வரத் தொடங்கியதும் உங்கள் குரலைக் குறைத்து வாயை மட்டும் அசையுங்கள், பிறகு பிள்ளை தனியாகச் சொல்லட்டும். ஐந்து நிமிஷமாக, நாளில் பலமுறை. சாப்பிடும்போது அடிக்கடி புரைக்கேறினால் அதையும் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள், தசைப் பலவீனம் என்றால் பயிற்சியே வேறு.