சிக்கரியைச் சோதிக்கும்போது எங்கே தவறுகிறோம்?

பெங்களூர் அல்சூரில் எங்கள் காபித்தூள் கடைக்கு இரண்டு பேர் சிக்கரி தருகிறார்கள். யாருடையது நல்லது, எவ்வளவு கலக்கலாம் என்று பார்க்க, முதல் தடவை ஒருவருடையதை 20 சதவீதமும் மற்றவருடையதை 30 சதவீதமும் கலந்து டிகாக்‌ஷன் போட்டேன். எல்லோருக்கும் முதலாவதுதான் பிடித்தது. சரி, பிடித்தது சரக்கா, அளவா? சொல்லவே முடியாது, இரண்டையும் சேர்த்தே மாற்றிவிட்டேனே.

10, 20, 30 என்று மூன்று அளவு வைத்தால், இருவர் சரக்கிலும் மூன்றையும் போட வேண்டும், மொத்தம் ஆறு கலவை. முதலில் 20-இல் ஆளைத் தேர்ந்தெடுத்து, அப்புறம் அவர் சரக்கில் மட்டும் அளவை மாற்றலாமே என்று தோன்றும், வேண்டாம். கருக வறுத்த சிக்கரி 10-இல் அருமையாக இருந்து 30-இல் கசந்துவிடலாம், லேசாக வறுத்தது 30-இல்தான் எடுபடலாம். (காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம், அதைத் தாண்டிச் சோதித்துப் பயனில்லை.)

பலர் செய்கிற பெரிய தவறு வேறு. ஒரே மூட்டையிலிருந்து அள்ளி அள்ளிப் பதினெட்டு டம்ளர் போட்டுவிட்டு, அந்த வியாபாரியையே பதினெட்டு தடவை சோதித்ததாக நினைத்துக்கொள்வார்கள். சோதித்தது அந்த ஒரு மூட்டையை மட்டும்தான். சிக்கரி என்பது வேர், குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் விளைந்து வருவது, ஈரப்பதமும் வறுவலும் லாட்டுக்கு லாட்டு (ஒரே தடவையில் வறுத்து வரும் சரக்குதான் ஒரு லாட்) மாறும். ஆளுக்கு மூன்று வெவ்வேறு லாட்டிலிருந்தாவது வாங்குங்கள், செலவுதான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். பெங்களூரில் ஒரு நாள் காவிரி வரும், மறுநாள் டேங்கர். ஒருவர் சரக்கை இன்றும் மற்றவருடையதை நாளையும் போட்டால் தண்ணீரைத்தான் ஒப்பிட்டிருப்பீர்கள். ஒவ்வொரு நாளும் ஆளுக்கு ஒரு லாட் எடுத்து, ஆறு கலவையையும் அன்றே, ஒரே தண்ணீரில், சீட்டுக் குலுக்கிய வரிசையில் போடுங்கள், மூன்று நாளில் முடிந்துவிடும். காபிக்கொட்டை மட்டும் ஒரே வறுவல், ஒரே அரவையாக முன்கூட்டியே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

டம்ளரில் எண்தான் இருக்க வேண்டும், யார் சரக்கு என்பது ருசி பார்ப்பவருக்கும் ஊற்றிக் கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது. அதற்கும் முன்னால், வித்தியாசம் தெரிகிறதா என்றே பாருங்கள்: மூன்று டம்ளர், இரண்டில் ஒரே காபி, ஒன்றில் வேறு. குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருவருக்குச் சரியாக வந்துவிடும், அதனால் 12 பேரில் 4 பேர் கண்டுபிடித்தது கணக்கில்லை, 8 பேராவது வேண்டும்.