பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்: மலையக வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம்மவர்களின் பல வீடுகளில் முன்னறையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கும். மேல்தட்டில் பொலித்தீன் உறை கழற்றாத கரடி பொம்மை, பெட்டி பிரிக்காத கட்டைகள், கொழும்பில் வேலை செய்யும் மாமா தீபாவளிக்குக் கொண்டுவந்த பட்டரி கார். கீழே மூன்று வயதுப் பிள்ளை சவர்க்காரப் பெட்டியை இழுத்து பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும். கேட்டால், "கையில குடுத்தா ஒரே நாள்ல ஒடச்சிப்புடுவான்" என்பார்கள். எண்ணி எண்ணிச் செலவழிக்கிற வீட்டில் அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனாலும் பிள்ளையின் கைக்கு வராத சாமானால் பிள்ளைக்கு எந்தப் பயனும் இல்லை. பூட்டி வைக்கவேண்டும் என்று தோன்றுகிற பொருளைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். தரையில் விழுந்தாலும் தாங்குகிற மரக்கட்டை, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பிளாஸ்டிக் கிண்ணங்கள், பந்து, துணிப் பொம்மை, தடித்த அட்டைப் படப்புத்தகம் ஆகியவை போதும்.

அடுத்த தவறு, பெட்டியில் "கல்வி" என்று அச்சடித்திருப்பதை நம்பி வாங்குவது. பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியும், ஆங்கிலத்தில் ஏ, பி, சி பாடும். பிள்ளை அமுக்கும், பார்க்கும், மறுபடி அமுக்கும். அந்த விளையாட்டில் வேலையெல்லாம் பொம்மையுடையது. 2016இல் அமெரிக்காவில் 10 முதல் 16 மாதக் குழந்தைகளையும் பெற்றோரையும் வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. சத்தம் போடும் மின் பொம்மைகளோடு விளையாடும்போது பெரியவர்கள் குழந்தையோடு பேசுவது குறைந்தது. புத்தகம் பார்க்கும்போதுதான் அதிகம் பேசினார்கள். குழந்தைக்குப் பேச்சு வருவதே நாம் பேசிப் பேசித்தான். அம்மாவும் அப்பாவும் தேயிலை மலைக்கோ டவுனுக்கோ வேலைக்குப் போய்விட, பிள்ளையோடு பகலில் இருப்பது பெரும்பாலும் அம்மாயிதான். "செவப்புக் கட்டைய எடு, அதுக்கு மேல சின்னத வை" என்று அவர் தமிழில் சொல்லிச் சொல்லி விளையாடினால் அந்தப் பொம்மையால் தரமுடியாத பாடம் பிள்ளைக்குக் கிடைக்கும். டின் மூடி இன்றைக்கு ரொட்டித் தட்டு, நாளைக்கு பஸ் ஸ்டியரிங். இப்படி ஒன்றைப் பலவாக மாற்றமுடிகிற சாமானுக்குத்தான் காசு கொடுக்கவேண்டும்.

வயதைக் கவனிக்காமல் வாங்குவது எல்லாவற்றையும்விட ஆபத்தானது. "வளர்ந்ததும் வெளாடுவான்" என்று ஐந்து வயதுச் சாமானை ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு வாங்குகிறார்கள். பெட்டியில் சிவப்பு வட்டத்துக்குள் குழந்தை முகமும் 0-3 என்ற எண்ணும் குறுக்கே கோடும் இருந்தால், மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அது ஆகாது என்று பொருள். நடைபாதைக் கடைச் சாமானில் பல நேரம் எந்தக் குறியும் இருக்காது. அப்போது வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். டொயிலட் பேப்பர் சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாய்க்குள் முழுதாக நுழைந்துவிடும் எதையும் மூன்று வயதுக்குள் கொடுக்காதீர்கள். அப்புறம், பொம்மையின் கண், பொத்தான், சக்கரம் எல்லாவற்றையும் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். வெடித்த பலூன் துண்டு தொண்டையை அடைக்கும், உடனே பொறுக்கிவிடவேண்டும்.

பொத்தான் பட்டரியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பாட்டுப் பொம்மை, மின்னும் பம்பரம், சின்ன ரிமோட் என்று பலவற்றிலும் அந்த வட்டப் பட்டரி இருக்கிறது. விழுங்கினால், உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே பொசுக்கிப் புண்ணாக்கிவிடும். மூடியில் ஸ்குரூ இல்லாத பொம்மையை வாங்கவே வேண்டாம். விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்கவைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மேல் பிரிவிலிருந்து கீழே இறங்கவே நேரம் பிடிக்கும் தோட்டங்கள் எத்தனையோ இருக்கின்றன. அதனால் விடியட்டும் பார்ப்போம் என்று இருக்காமல் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். சின்னச் சின்னக் காந்தக் குண்டுகளும் இதே மாதிரிதான். இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும்.

சரி, வாங்கியதை எப்படி வைப்பது? பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் (வரிசை வீட்டின் ஓர் அறையில்) ஒரு குடும்பமே இருக்கும்போது பொம்மைக்கென்று தனி அறையெல்லாம் நடக்கிற காரியமில்லை, தேவையும் இல்லை. இருப்பதையெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டி வைப்பதுதான் இங்கே தவறு. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 36 சின்னப் பிள்ளைகளுக்கு ஒருமுறை 4 பொம்மையும் இன்னொருமுறை 16 பொம்மையும் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு இருந்தபோது பிள்ளைகள் ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம் இருந்தார்கள், விதவிதமாகவும் விளையாடினார்கள். ஆகவே நான்கைந்தை மட்டும் வெளியே வைத்து மிச்சத்தைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து மாற்றினால் பழையது புதுச் சாமானாகத் திரும்பி வரும். வெளியே வைப்பவை பிள்ளையின் இடுப்பு உயரத்துக்குள் இருக்கட்டும். ஒரு பலகை, அதில் மூன்று கூடை, ஒவ்வொன்றிலும் உள்ளே இருப்பதன் படம் ஒட்டியிருந்தால் இரண்டரை வயதுப் பிள்ளையே எடுத்த இடத்தில் திருப்பி வைக்கும். கூடைக்குப் பதிலாகப் பால்மா டின்னை எடுத்தால் விளிம்பில் தடித்த டேப் ஒட்டிய பிறகே கொடுங்கள்.

பழைய டிரங்குப் பெட்டி வேண்டாம். பாரமான மூடி தலையிலோ விரலிலோ விழும், பிள்ளை உள்ளே ஒளிந்து மூடிக்கொண்டால் மூச்சும் முட்டும். கழுவிக் காயவைத்த உரபேக்கில் பொம்மை போட்டு வைப்பதும் வேண்டாம். கழுவினாலும் உரம் இழைகளில் தங்கும், அந்தப் பொம்மைதான் பிள்ளையின் வாய்க்குப் போகிறது. மரக்கறித் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து வந்த கேனைத் தண்ணீர் விளையாட்டுக்குக் கொடுப்பதும் அப்படியே.

ஈரம் நம் ஊருக்கென்றே உள்ள தொல்லை. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே தொடங்கினால் மாதக்கணக்கில் சுவர் நனைந்தே இருக்கும். பதுளை, பண்டாரவளை பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கதை. சுவரோடு ஒட்டி வைத்த கரடியின் முதுகில் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கும். அது பூஞ்சணம், இழுப்பு இருக்கிற பிள்ளைக்கு ஆகவே ஆகாது. கூடையைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். வெயில் கண்ட அன்று துணிப் பொம்மையைத் துவைத்துப் போடுங்கள், மரக்கட்டையை ஊறவிடாமல் ஈரத்துணியால் துடைத்துக் காயவையுங்கள். அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைத்தால் புகை ஏறும், பிளாஸ்டிக் இளகும்.

வாங்காத சாமானையும் சாமானாக எண்ணுங்கள். பைனஸ் மரத்துக் காய், மூங்கில் துண்டு, துணிக் கிளிப், கரண்டி என்று கைக்கு எட்டுகிற தூரத்திலேயே நிறைய இருக்கின்றன. தேயிலைக் கொட்டையும் புளியங்கொட்டையும் எண்ணிப் பழக நல்லவை, ஆனால் நான்கு வயதுக்கு மேல்தான். பல்லாங்குழிக்குக் குன்றிமணியை எடுக்காதீர்கள். ஓடு உடைபட்டால் அதன் உள்ளே இருப்பது கொடிய நஞ்சு.

பெண்பிள்ளைக்குச் சட்டிபானை, ஆண்பிள்ளைக்கு லொறி என்று பிரித்து வாங்குவதையும் விட்டுவிடலாம். இருவரும் இரண்டையும் கேட்பார்கள். போனைப் பொம்மைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதன்பின் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது.

பிள்ளை வளர்ந்து விட்டுவிட்ட சாமானைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்கோ (பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) பக்கத்து லயத்துக்கோ கொடுப்பது நல்ல பழக்கம். கொடுக்கும் முன் கழுவி, பட்டரியைக் கழற்றி, கூராக உடைந்திருப்பதை மட்டும் எடுத்து எறிந்துவிடுங்கள்.