பெண்கள் ரெண்டு பேரா செய்யிற எலக்ட்ரோனிக் பொப்: பேர் அடிபட முதலே பிடிக்கிறது எப்பிடி

ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் ஒரு சின்தசைசரும் லப்டொப்பும் வச்சு செய்யிற பாட்டெண்டா எனக்கு உயிர். வெள்ளவத்தையில 100ஆம் நம்பர் பஸ் ஏறினா கோட்டை போய்ச் சேர முதல் ஒரு ஆல்பம் ஓடிடும், அப்பிடித்தான் முக்கால்வாசி டுவோவை, அதான் ரெண்டு பேர் சோடியை, பிடிச்சனான். எங்கால இந்தப் பேரெல்லாம் கிடைக்குது எண்டு கனபேர் கேக்கினம், அதுக்குத்தான் இது.

பாட்டுக் கேக்கிற ஆப் தானா போட்டுத்தாறதை மட்டும் நம்பி இருக்காதேங்கோ. ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில இலங்கைக்கு வந்த நாளில இருந்து பாவிக்கிறன், ஏற்கனவே ஓடுற பாட்டைத்தான் அது திரும்பத் திரும்பக் கொண்டுவரும். பாட்டுக்குப் பக்கத்தில மூண்டு புள்ளி இருக்கெல்லோ, அதை அமத்தி கிரெடிட்ஸைத் திறவுங்கோ. புரொடியூஸ் பண்ணினது ஆர், எழுதினது ஆர், அந்தப் பேரைப் பிடிச்சுக்கொண்டு போகோணும்.

லெட்ஸ் ஈட் கிராண்ட்மாவை எடுங்கோ. இங்கிலாந்து நோரிச்சில ரோசா வால்டன், ஜென்னி ஹொலிங்வேர்த் எண்டு ரெண்டு பேர், நாலு வயசில இருந்தே கூட்டாளியள், 2016 இல முதல் ஆல்பம் வரேக்க பள்ளிக்கூட வயசு. அவையின்ட 2018 ஆல்பத்தில ரெண்டொரு பாட்டுக்கு கிரெடிட்ஸில சோஃபி எண்ட புரொடியூசரின்ட பேர் நிக்கும், சோஃபியைத் தேடினா அவவோட வேலை செய்த பாடகி சார்லி எக்ஸ்சிஎக்ஸ் வருவா, சார்லி எழுதின பாட்டுகளைப் பாத்தா ஸ்வீடன் டுவோ ஐகோனா பொப்புக்கு பேர் வாங்கிக் குடுத்த 2012 பாட்டு அதில இருக்கும். ஒரு டுவோவில தொடங்கி இன்னொரு டுவோ! இவையள் இப்ப பெரிய ஆக்கள்தான், ஆனா ஆருக்கும் தெரியாத ஆக்களும் இதே வழியிலதான் ஆப்பிடுவினம்.

அடுத்தது பாண்ட்காம்ப், பாட்டுக்காரர் தங்கட ஆல்பத்தை நேரா விக்கிற வெப்சைட், என்ர கணக்கில இதுதான் எல்லாத்திலயும் திறம். சின்த்பொப், அதான் சின்தசைசர் வச்சுச் செய்யிற பொப், எண்ட டேக்கில தேடி பிடிச்ச ஒரு ஆல்பத்துக்குள்ள போங்கோ, கவருக்குக் கிட்ட அதை வாங்கின ஆக்களின்ட குட்டிக் குட்டிப் படம் இருக்கும், ஒண்டை அமத்தினா அந்த ஆள் வாங்கின மற்ற ஆல்பமெல்லாம் வரும். உங்கட ரசனைக்கு ஒத்துவாற ஒராள் ஆப்பிட்டா ஒரு மாசத்துக்குக் காணும்.

டுவர் போஸ்டரில பெரிய பேருக்குக் கீழ சின்ன எழுத்தில இருக்கிற பேரையும் விடாதேங்கோ.

பஸ் இரைச்சலில பாட்டின்ட அடிச்சத்தம், அதான் பேஸ், செத்துப்போகும், அதால பிடிச்சதை இரவில ஹெட்போன் போட்டு இன்னொருக்கா கேளுங்கோ. ஒருத்தி பாடேக்க மற்றவ என்ன செய்யிறா எண்டு கவனியுங்கோ, ரெண்டாவது குரலை எடுத்தா பாட்டு விழுந்துடும் எண்டு பட்டா அது உண்மையான டுவோ.

பிடிச்சா காசு குடுத்து வாங்குங்கோ. 2020 மார்ச்சில இருந்து சில வெள்ளிக்கிழமைகளில பாண்ட்காம்ப் வித்த காசில தன்ர பங்கை எடுக்காம விடுது, அது அமெரிக்க பசிபிக் நேரம், எங்களுக்கு வெள்ளி மத்தியானம் 12:30க்குத் தொடங்கும், அங்க குளிர்காலமெண்டா 1:30. வாங்கின கையோட கொழும்பில இருந்து கேக்கிறம் எண்டு இன்ஸ்டாவில ஒரு வரி போட்டுவிடுங்கோ.