கரகரப்பு தொண்டையில், காரணம் மார்பில்

போன வாரம் ஒரு பயிற்சி மருத்துவர் எழுதிய சீட்டு கண்ணில் பட்டது: 'இடது குரல் நாண் அசையவில்லை. வைரஸ் பாதிப்பு. வைட்டமின் மாத்திரை. மூன்று மாதம் கழித்து வரவும்.' கையெழுத்துதான் வேறு. சீட்டு என்னுடையது: முன்பு நானும் இதையேதான் எழுதிக் கொடுத்தேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஆன்டிபயாட்டிக் எழுதும் தவறைப் பாடப்புத்தகமே கண்டிக்கிறது, அதை விடுகிறேன். கரகரத்த குரலோடு வருபவரிடம் மருத்துவர்கள் நாம் தவறும் மற்ற இடங்கள் இவை.

'அசையவில்லை' என்பது நோயின் பெயர் அல்ல

என் சீட்டை வாங்கிப் போனவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி. குரலில் காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்தால் புரையேறியது. மூன்று மாதம் கழித்து, நான் சொன்ன தேதியில் ஒழுங்காக வந்தார். சளியில் ரத்தம். எக்ஸ்ரேயில் இடது நுரையீரலின் மேல்பகுதியில் கட்டி.

"கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் நாங்கள் தலைமதகு வரை போய்ப் பார்ப்போம், டாக்டர்" என்றார் அவருடைய மகன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இடது நாணை அசைக்கும் நரம்பு நேராகக் குரல்வளைக்கு வருவதில்லை. மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் வளைவுக்கு அடியில் சுற்றிக்கொண்டு மேலேறுகிறது. நுரையீரல் புற்று, காசநோய் நெறிக்கட்டி, மகாதமனி வீக்கம் என எது அழுத்தினாலும் முதலில் கெடுவது குரலாக இருக்கலாம். தைராய்டு அறுவை போன்ற வெளிப்படையான காரணம் இல்லையென்றால், மண்டையோட்டின் அடிப்பகுதியிலிருந்து மார்பு வரை சி.டி. எடுங்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் எடுங்கள். 'வைரஸ்' என்பது எல்லாவற்றையும் தேடி முடித்தவர் எழுத வேண்டிய சொல். தேடச் சோம்பியவர்தான் முதலில் எழுதுகிறார்.

நல்லவேளை, போன வாரத்து நோயாளி மருந்து வாங்கும் வரிசையில்தான் நின்றிருந்தார். கூப்பிட்டு உட்காரவைத்தோம்.

கேட்பதற்கு முன் பார்ப்பது

எண்டோஸ்கோப்பை எடுக்குமுன் பேசவிடுங்கள். காற்றுக் கசிகிறதா, கரடுமுரடாக இருக்கிறதா, இறுக்கிப் பிழிகிறாரா? ஒரே மூச்சில் 'ஆ' சொல்லவைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். 10 வினாடியைத் தாண்டாவிட்டால் நாண்கள் சரியாக மூடவில்லையோ என்று சந்தேகப்படலாம். இருமவும் சொல்லுங்கள். இரண்டு வாரமாகக் குரலே எழாத மன்னார்குடி ஆசிரியை ஒருவர் கணீரென்று இருமினார். நாண்கள் மூடாமல் அந்த ஒலி வராது. அப்படியானால் கோளாறு நாண்களில் இல்லை, மனச்சுமையாக இருக்கலாம். அவரிடம் கேட்க வேண்டியிருந்தது வீட்டு நிலவரத்தை.

நான்கு வாரம்

அதற்குள் கரகரப்பு குணமாகாவிட்டால் நாண்களைப் பார்த்தே ஆக வேண்டும். பீடி பிடிப்பவர், கழுத்தில் கட்டி உள்ளவர், மூச்சிரைப்பவர் என்றால் அதுவரைகூட வேண்டாம்.

குளிர்ந்த கண்ணாடி

தொண்டைக்குள் வைத்து நாண்களைப் பார்க்கும் சிறு கண்ணாடியைச் சூடாக்காவிட்டால் ஆவி படியும். சூடாக்கிப் புறங்கையில் வைத்துப் பார்க்காவிட்டால் நோயாளியின் அண்ணம் வேகும்.

'கிசுகிசுத்துப் பேசுங்கள்'

சொல்லாதீர்கள். வலிந்து கிசுகிசுப்பதும் குரல்வளைக்கு உழைப்புதான்.