‘அடுத்த செமஸ்டருக்குள் திறந்துவிடுவார்கள்’

பெருந்தொற்றுக் காலத்தில் வெளிநாட்டுப் படிப்புக்கு வழி கேட்டு வந்த பெற்றோரிடம் நான் அதிகம் சொன்ன வாக்கியம் இதுதான். மூடிய எல்லை அப்போது திறக்கும் என்று எந்தத் தூதரகமும் எனக்கு உறுதி தரவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகவாட்டத்தைப் பார்த்ததும் தானாக வாயில் வந்துவிடும். ஆலோசனை சொல்லுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

சீனாவில் நடந்ததைப் பாருங்கள். 2020 மார்ச் 28 முதல், செல்லுபடியாகும் விசா வைத்திருந்த வெளிநாட்டவரில் பெரும்பாலோரைக்கூட அந்த நாடு உள்ளே விடவில்லை. நம் மாணவர்களுக்கு மறுபடி விசா தரத் தொடங்கியபோது 2022 ஆகஸ்ட் ஆகியிருந்தது. ‘அடுத்த செமஸ்டர்’ என்று சொல்லிச் சொல்லியே ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் ஓடிவிட்டன.

அந்த இடைவெளியில் ஒரு தந்தை தம் மகனோடு வந்தார். எம்.பி.பி.எஸ். சேர்ந்து ஓராண்டு ஆகியும் பையன் கல்லூரி வாசலைப் பார்த்ததில்லை. சீனாவில் காலை எட்டு மணி வகுப்பென்றால் இங்கே விடியற்காலை ஐந்தரை. கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு உடற்கூறியல் படிப்பானாம். “சார், இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிவிடலாமா?” என்று தந்தை கேட்டார். எல்லை எப்போது திறக்கும் என்று நான் அரைமணி நேரம் பேசினேன். இப்படிப் படித்து வாங்கும் பட்டம் இந்தியாவில் செல்லுமா என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. 2022 பிப்ரவரியில் தேசிய மருத்துவ ஆணையம், ஆன்லைனில் மட்டும் படித்த மருத்துவப் படிப்பை ஏற்பதில்லை என்று எச்சரித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2021 நவம்பரில், வெளிநாட்டில் புதிதாக மருத்துவம் சேர்பவர்களுக்குக் குறைந்தது 54 மாதப் படிப்பும் அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சியும் வேண்டும் என்ற விதி வந்தது. மருத்துவம் படிக்கப் போகிறவருக்கு, அந்த நாட்டின் விதியைப் பார்ப்பதற்கு முன்பே நம் ஆணையத்தின் விதியைப் பார்த்திருக்க வேண்டும்.

செய்தித் தலைப்பை மட்டும் படித்துவிட்டு ஆலோசனை சொல்வது இன்னொரு தவறு. பாடம் முழுவதும் ஆன்லைனில் நடந்தால் வெளிநாட்டு மாணவர் நாட்டில் இருக்க முடியாது என்று அமெரிக்கா 2020 ஜூலை 6 அன்று அறிவித்தது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நீதிமன்றம் போக, 14ஆம் தேதி அது திரும்பப் பெறப்பட்டது. எல்லோருக்கும் நிம்மதி என்று நானும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த நிம்மதி ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான். புதிதாகச் சேரவிருந்தவருக்குப் படிப்பு முழுக்க ஆன்லைன் என்றால் நுழைவு இல்லை என்று அதே மாதம் 24ஆம் தேதி தெளிவுபடுத்திவிட்டார்கள். என்னிடம் வந்தவர்களோ எல்லோரும் புதியவர்கள்.

பணம் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. விசா மறுக்கப்பட்டால் கட்டிய தொகை திரும்பக் கிடைக்கும் என்று பல கல்லூரிகளின் விதியில் இருக்கும். எல்லை மூடியிருப்பது விசா மறுப்பு ஆகாது. விசா தாமதமானால் என்ன, வகுப்பு ஆன்லைனுக்கு மாறினால் என்ன, சேர்க்கையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தால் உதவித்தொகை தொடருமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கல்லூரியிடம் மின்னஞ்சலில் பதில் வாங்கிவிட வேண்டும். ஏஜென்ட் வாயால் சொன்னதை வைத்து வங்கியில் போய் நிற்க முடியாது.

பிரிட்டன் 2021 ஏப்ரல் 23 அன்று இந்தியாவைத் தொற்று அபாயம் அதிகமுள்ள நாடுகளின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தபோது, போய் இறங்குபவர் பத்து நாள் ஹோட்டலில் தனித்திருக்க 1,750 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 8 அன்று இந்தியா அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. ஜூலையில் “சீக்கிரம் கிளம்பு” என்று விரட்டப்பட்டவர்களுக்கு அது வீண்செலவு. தேதி யாருக்கும் முன்கூட்டித் தெரியாதுதான். “எனக்குத் தெரியாது, வகுப்பு தொடங்கும் தேதியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்” என்று சொல்லியிருக்கலாம்.

தொற்று ஓய்ந்ததும் பழைய கோப்பைத் தூசிதட்டி எடுத்தவர்களும் உண்டு. கனடாவில் படிக்கப் போகிறவர் வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை பல ஆண்டுகளாக 10,000 கனடா டாலராக இருந்தது, 2024 ஜனவரி 1 அன்று 20,635 ஆக உயர்ந்தது. அதே மாதத்திலிருந்து பிரிட்டனில் முதுகலை சேர்பவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை உடன் அழைத்துப் போக முடியவில்லை. 2019இல் போன அண்ணன் சொன்ன கணக்கு தம்பிக்குப் பொருந்தவில்லை.

இப்போதெல்லாம் நான் சொல்வதை ஒரு தாளில் எழுதி, மேலே தேதியும், எந்த அரசு இணையதளத்தில் பார்த்தேன் என்பதையும் குறித்துக் கொடுக்கிறேன். அண்மையில் ஓர் அம்மா அந்தத் தாளை மடிப்புக் கலையாமல் திரும்பக் கொண்டுவந்தார். “இதற்கு நாற்பது நாள் ஆகிவிட்டதே சார், இன்னும் இதேதானா?” என்றார். திறந்து பார்த்தோம். ஒரு வரி மாறியிருந்தது.