பென்சிலால் எழுதி அழித்த வரி

எங்கள் செல் வளர்ப்பு ஆய்வகத்தில் 3 மாதச் சோதனை முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டபோது, குடுவைகளில் மைக்கோபிளாஸ்மா புகுந்திருப்பதை, டி.என்.ஏ.வைக் கொண்டு கிருமியை இனங்காணும் பி.சி.ஆர். சோதனை காட்டியது. செல்சுவர் இல்லாத இந்த நுண்ணுயிரி பெனிசிலினுக்கு மசியாது. செல்கள் வளரும் ஊட்டத் திரவத்தைக் கலங்கலாக்கவும் செய்யாது என்பதால் கண்ணுக்கும் பிடிபடாது. ஆனால், செல்கள் மந்தமாக வளர்வதை முதலாமாண்டு ஆய்வு மாணவி ஒருவர் முன்பே கவனித்து, குறிப்பேட்டில் பென்சிலால் எழுதி, பிறகு அழித்திருந்தார். காரணம் கேட்டேன்.

"லேப் கூட்டத்துல இங்கிலீஷ்ல திக்கினா சிரிக்கிறாங்க சார். தப்பும் என் தலையிலதான் விழும்."

சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

குடுவைகளை ஆட்டோகிளேவ் என்ற உயரழுத்த நீராவிக் கலனில் இட்டு அழிப்பது ஒரு நாள் வேலை. கூட்டம் நடக்கும் விதத்தை மாற்றத்தான் ஓராண்டு பிடித்தது. கருத்துப் பெட்டி வைத்துப் பார்த்தேன், தூசிதான் சேர்ந்தது. பிறகு, அந்த வாரம் நான் செய்த பிழையைச் சொல்லியே ஒவ்வொரு கூட்டத்தையும் தொடங்கினேன். தமிழிலும் பேசலாம் என்றும், இளையவர்கள் முதலிலும் மூத்தவர்கள் கடைசியிலும் பேச வேண்டும் என்றும் முறை வகுத்தேன். மாதாந்தர மைக்கோபிளாஸ்மா சோதனைக்குக் குடுவைகளைப் பெயரின்றி எண்ணிட்டே அனுப்புகிறோம். சென்ற மாதம் அதே மாணவி, என் குடுவையொன்றின் மூடி தளர்ந்திருந்ததை எல்லோர் முன்னிலையிலும் சுட்டிக்காட்டினார்.